பால்மரப் பட்டையும் ஏற்றுமதி வரியும்: ரப்பர் ஆராய்ச்சி யாருக்காக நடந்தது?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது தெரியும். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். மாற்றி வெட்டினால் மங்கில் விழும் பால் குறையும். நம் தாத்தா பாட்டிகளுக்குக் கங்காணி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். ஏன் என்று அவர் விளக்கவில்லை.

காரணம் பட்டைக்குள் இருக்கிறது. ரப்பர் பால் ஓடும் நுண்குழாய்கள் மரத்தில் நேர்செங்குத்தாக இல்லை. அவை சற்றே வலப்பக்கம் சாய்ந்து, மரத்தைச் சுற்றியபடி மேலேறுகின்றன. சாய்வு 3 முதல் 5 பாகைதான். ஆனாலும் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு, அதே நீளத்தில் கூடுதலான குழாய்களை அறுக்கிறது. இருட்டோடு பிரட்டுக்கு ஓடியதற்கும் இப்படியொரு காரணம் உண்டு. இரவில் இலைகளிலிருந்து நீர் ஆவியாவது குறைவதால் குழாய்களுக்குள் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறையும், பாலும் குறையும்.

இன்னொன்று, வெட்டின் ஆழம். பால்குழாய்கள் அதிகம் இருப்பது பட்டையின் உள்ளோரத்தில், புதிய பட்டையை உருவாக்கும் வளர்படலத்தை ஒட்டி. அந்தப் படலத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். முன்பே நின்றால் பால் வராது. தாண்டிப்போனால் மரத்தில் காயம் விழுந்து, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அரை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளுக்கு 400, 500 மரங்களில் இந்த ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே அளந்தவர்கள் நம்மவர்கள்.

இந்த அறிவெல்லாம் அளந்து, எழுதி, சட்டமும் கொள்கையுமாக மாறியது எப்படி? அதற்குப் பணம் கொடுத்தவர் யார், பலன் பெற்றவர் யார்? மலாயாவின் விவசாயக் கொள்கை வளர்ந்த கதையைப் புரிந்துகொள்ள, கோலாலம்பூர் அம்பாங் சாலையில் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் கதையை விட நல்ல பாடம் இல்லை என்பது என் கருத்து.

பூங்காவிலிருந்து துறைக்கு

தொடக்கம் பலரும் அறிந்ததே. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில பேராக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்தாமல், அதே வெட்டை மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பத் திறந்தால் பால் கூடிக்கொண்டே வரும் என்று காட்டினார். சட்டைப்பையில் விதைகளோடு தோட்டத் துரைமாரைத் தேடித்தேடிப் போன அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டம் கிடைத்தது. காப்பி விலை சரிந்த பிறகுதான் அவர் பேச்சுக்கு மதிப்பு வந்தது. 1890களின் நடுவில் மலாக்காவில் டான் சே யான், நமக்குப் பக்கத்தில் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் எனப் பயிரிடல் பரவியது.

அதுவரை விவசாய அறிவியல் என்றால் தாவரவியல் பூங்காதான். 1905இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கு விவசாயத் துறை அமைந்தது. சட்டங்களும் பின்தொடர்ந்தன. 1913இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், குறித்த நிலங்களை மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்பதைத் தடுத்தது. 1917இன் நெல் நிலச் சட்டம், நெல்லுக்கு ஒதுக்கிய நிலத்தில் ரப்பர் உள்ளிட்ட வேறு பயிர் வைப்பதைத் தடை செய்தது. மலாய் விவசாயி நெல் பயிரிட வேண்டும், தமிழர் தோட்டத்தில் பால் வெட்ட வேண்டும், ரப்பர் லாபம் கம்பெனிக்குப் போக வேண்டும்: ஆட்சியின் கணக்கு ஏறத்தாழ இதுதான்.

மலாய், சீன விவசாயிகள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. இரண்டு, மூன்று, ஐந்து ஏக்கரில் அவர்களும் ரப்பர் நட்டார்கள். 100 ஏக்கருக்குக் குறைந்தால் சிறுதோட்டம், அதற்கு மேல் எஸ்டேட் என்பது அரசின் வரையறை. இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நாட்டின் ரப்பர் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறுதோட்டங்களாக இருந்தது.

ராத்தலுக்கு இவ்வளவு காசு

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டு, 1926இல் வேலையைத் தொடங்கியது. ஆய்வுக்கூடங்கள் கோலாலம்பூரில், பரிசோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில். இதற்கான பணம் அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து வரவில்லை. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தல், அதாவது பவுண்டு ரப்பர் மீதும் ‘செஸ்’ என்ற தனி வரி விதித்து வசூலிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். செஸ்ஸைத் துறைமுகத்தில் கட்டுபவர் ஏற்றுமதியாளர். ஆனால் அவர் தன் கையிலிருந்தா கட்டுவார்? கொள்முதல் விலையில் அதைக் குறைத்துக்கொள்வார். ஆக, கிள்ளான் ஆற்றோரம் மூன்று ஏக்கர் வைத்திருந்தவரும், லண்டன் கம்பெனியின் 3,000 ஏக்கர் தோட்டமும் ராத்தலுக்கு ஒரே தொகையைத்தான் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். கழகத்தை நடத்திய வாரியத்திலோ தோட்ட முதலாளிகளின் சங்கங்களுக்கே செல்வாக்கு. என்ன கேள்வியை ஆராய்வது என்பதை அவர்களுடைய தேவையே பெரும்பாலும் முடிவு செய்தது.

களை எடுப்பதைப் பாருங்கள். தொடக்க காலத்துத் துரைமாருக்குத் தோட்டம் என்றால் ஒரு புல்கூட முளைக்காத வெறும் மண். நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் நாள் முழுதும் கொத்தினார்கள். மலைச்சரிவில் மழை பெய்தபோது மேல்மண் ஆற்றோடு போனது. சிறுதோட்டக்காரர் புல்லையும் புதரையும் ஓரளவு வளரவிட்டார். அதிகாரிகள் அதைச் சோம்பல் என்றார்கள். பிற்பாடு கழகத்தின் ஆய்வுகளே வெறும் மண் தவறு என்று கண்டு, காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் அவரைக் குடும்பக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கச் சொல்லின. இன்றும் தோட்டத்து இளங்கன்றுகளுக்கிடையே படர்ந்து கிடக்கும் கொடி அந்தப் பரிந்துரையின் தொடர்ச்சிதான்.

நெருக்கமாக நடுவதும் அப்படியே. சிறுதோட்டக்காரர் ஏக்கருக்கு அதிக மரம் வைத்தார். ஒரு மரத்தில் கிடைக்கும் பால் குறையும். ஒரு ஏக்கரில் கிடைப்பது கூடும். கூலிக்கு ஆள் வைப்பவருக்கு ஒரு மரத்தின் பால் முக்கியம், ஏனெனில் வெட்டுபவர் ஒரு நாளில் இத்தனை மரம்தான் வெட்ட முடியும். சொந்தமாக வெட்டுபவருக்கோ ஒரு ஏக்கரின் பால் முக்கியம். இரண்டும் அவரவர் நிலையில் சரியான கணக்கு. ஆனால் பாடப்புத்தகத்தில் ஏறியது முதல் கணக்கு மட்டுமே.

ஒட்டுக்கன்றும் கால் நூற்றாண்டுக் காத்திருப்பும்

கழகத்தின் மிகப் பெரிய சாதனை உயர்விளைச்சல் மரங்கள். விதையிலிருந்து முளைக்கும் ரப்பர் மரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரே நிரையில் ஒரு மரம் மங்கு நிறையக் கொடுக்கும், அடுத்தது அடியைக்கூட நனைக்காது. நல்ல மரத்தின் மொட்டை எடுத்து, வேறொரு கன்றின் பட்டைக்குள் செருகி ஒட்டினால், வளர்வது அந்த நல்ல மரத்தின் மறுபடிவம். 1910களின் நடுவில் டச்சு ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் வான் ஹெல்டன், போடே, டாஸ் ஆகியோர் இதை ரப்பரில் செய்து காட்டினார்கள். இப்படி ஒரே தாய்மரத்திலிருந்து பெருக்கப்படும் கூட்டத்தைக் குளோன் என்கிறோம்.

மலாயாவின் கழகம் இரண்டு நல்ல குளோன்களைக் கலந்து, பிறக்கும் கன்றுகளில் தேர்ந்தெடுக்கும் வேலையில் இறங்கியது. 1928இல் தொடங்கிய கலப்புகளிலிருந்து 500 வரிசையும், 1937 முதல் 1941 வரை செய்த கலப்புகளிலிருந்து 600 வரிசையும் வந்தன. இவற்றில் புகழ்பெற்றது ஆர்.ஆர்.ஐ.எம். 600. ஜாவாவின் ஜிர் 1 என்ற குளோனும், மலாயாவின் பி.பி. 86 என்ற குளோனும் இதன் பெற்றோர். தேர்ந்தெடுக்காத பழைய விதை மரங்கள் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 500 கிலோவோ அதற்கும் குறைவாகவோ கொடுத்தன. இந்தப் புதிய குளோன்கள் நல்ல பராமரிப்பில் 1,500 கிலோவைத் தாண்டின. தாய்லாந்தின் ரப்பர் பரப்பில் பெரும்பகுதி பின்னாளில் இந்த 600தான்.

காலக்கணக்கைக் கவனியுங்கள். கலப்பு நடந்தது பிரிட்டிஷ் ஆட்சியில். கன்றுகள் வளர்ந்தது ஜப்பானிய ஆதிக்கத்திலும் அவசரகாலத்திலும். குளோன் பெரும்பரப்பில் நடப்பட்டது சுதந்திரத்துக்குப் பிறகு, 1960களில். நட்ட ரப்பர் மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள், விளைச்சலை நம்பகமாக அளக்க இன்னும் பல ஆண்டுகள் என்பதால் இதைச் சுருக்க வழியில்லை. ஆட்சி மாறினாலும் பதிவேடும் மரமும் தொடர வேண்டும். காலனி அரசு விட்டுச்சென்றவற்றில் உண்மையிலேயே பயனுள்ள ஒன்று இந்தத் தொடர்ச்சி. புதிய நாடு கழகத்தைக் கலைக்காமல், அது யாருக்காக உழைக்க வேண்டும் என்பதை மாற்ற முயன்றது.

கோட்டாவும் தடையும்

அதற்கு முன் ஒரு கசப்பான கட்டம் உண்டு. ரப்பர் விலை விழுந்தபோதெல்லாம் உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்ற முயன்றது பிரிட்டிஷ் அரசு. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் நடந்தது. டச்சுத் தீவுகள் அதில் சேராமல் ஏற்றுமதியைப் பெருக்கிக்கொண்டன. 1930களின் பெருமந்தத்தில் விலை அடிமட்டத்துக்குப் போய், ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934இல் மலாயா, டச்சுத் தீவுகள், இலங்கை, இந்தியா, சயாம் முதலிய நாடுகளை உள்ளடக்கிய பன்னாட்டு ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இவ்வளவுதான் விற்கலாம் என்று கோட்டா. புதிதாக ரப்பர் நடுவதற்கும் கடுமையான தடை.

கோட்டா என்றால் யாராவது ஒருவர் தோட்டத்தின் விளைதிறனை மதிப்பிட வேண்டும். எஸ்டேட்டுக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது, கிராணி இருந்தார். சிறுதோட்டக்காரரிடம் எழுத்துக் கணக்கு இல்லை; அவருடைய விளைச்சலை அதிகாரிகள் குறைத்தே மதிப்பிட்டார்கள். சிறுதோட்டக்காரர் பட்டையை அளவுக்கு மீறிச் சீவி மரத்தைக் கெடுக்கிறார், எப்படியும் அவருடைய உற்பத்தி விழும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. விவசாயத் துறையே எடுத்த பட்டைக் கணக்கெடுப்பு இந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. ஆனாலும் நம்பிக்கை மாறவில்லை.

போருக்குப் பிறகு, 1946இல், பொருளியலாளர் பி.டி. பாயர் சிறுதோட்டங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். 1948இல் வெளியான தன் ஆய்வுகளில், கட்டுப்பாட்டுத் திட்டம் சிறுதோட்டக்காரர்களின் பங்கைப் பறித்துப் பெருந்தோட்டங்களைக் காப்பாற்றியது என்று எண்களோடு வாதிட்டார். புதிதாக நடுவதற்கான தடையும் நடுநிலையானது அல்ல என்றார். 3,000 ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு பகுதியை அழித்து மறுநடவு செய்யலாம். மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் மூன்றையும் வெட்டிவிட்டு ஏழு ஆண்டு எதைச் சாப்பிடுவார்? அவருக்குப் புது நிலத்தில் நடுவதே ஒரே வழி. அதையே சட்டம் அடைத்தது.

தொழிலாளர் நிலையும் இதே காலத்தில் வெடித்தது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. போர்க்காலத்தில் ரப்பர் விலை ஏறியும் கூலி ஏறவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்ற பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

மறுநடவு நிதி

1950களின் தொடக்கத்தில் நாட்டின் ரப்பர் மரங்கள் பெருமளவு கிழடாகிவிட்டன. அமெரிக்காவில் போர்க்காலத்தில் வளர்ந்த செயற்கை ரப்பர் போட்டிக்கு நின்றது. குறைந்த செலவில் அதிகப் பால் தரும் புது மரங்களுக்கு மாறாவிட்டால் தொழிலே போய்விடும். 1952இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தலுக்கும் 4.5 காசு மறுநடவு செஸ். எஸ்டேட்டுகள் கட்டியது அவர்களுக்கே திரும்பியது. சிறுதோட்டக்காரர்கள் கட்டியது பொது நிதியில் சேர்ந்து, பழைய மரங்களை வெட்டி உயர்விளைச்சல் கன்று நடுபவருக்கு ஏக்கர் கணக்கில் மானியமாகப் போனது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் ஏக்கருக்கு 400 ராத்தல் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200 ராத்தல். 4.5 காசு வீதம் அவர் நிதிக்குக் கொடுப்பது 54 வெள்ளி. மறுநடவு செய்தால் அது மானியமாகத் திரும்பும். ஆனால் முழு நிலத்தையும் வெட்டினால் வருமானம் நின்றுவிடும் என்று அவர் பயந்து சும்மா இருந்தால்? அவருடைய 54 வெள்ளி ஆண்டுதோறும், 20 ஏக்கர் வைத்துப் பகுதி பகுதியாக மறுநடவு செய்யும் அண்டைவீட்டாருக்குப் போகும். நல்ல நோக்கத்தில் செய்த நிதியும் அதன் அமைப்பினால் ஏழையிடமிருந்து வசதியானவரிடம் பணத்தை நகர்த்தலாம் என்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு.

இந்த ஓட்டையை அடைக்கும் வகையில் புதிய அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1956இல் பெல்டா எனப்படும் நில மேம்பாட்டு வாரியம், நிலமற்றவரைக் காட்டு நிலத்தில் குடியமர்த்தி, ஆளுக்குச் சுமார் பத்து ஏக்கர் ரப்பரோ செம்பனையோ கொடுத்தது. பாகாங்கின் லூரா பிலுட் அதன் முதல் திட்டம். விளைபொருள் விற்பனைக்கு 1965இல் ஃபாமா. ரப்பர் அல்லாத பயிர்களின் ஆராய்ச்சிக்கு 1969இல் மார்டி, செர்டாங்கில். அதே செர்டாங்கில் 1931இல் தொடங்கிய விவசாயப் பள்ளி, கல்லூரியாகி, 1971இல் விவசாயப் பல்கலைக்கழகமானது. இன்றைய புத்ரா பல்கலைக்கழகம் அதுவே. 1973இல் சிறுதோட்டக்காரர்களின் மறுநடவை ஏற்று நடத்த ரிஸ்டா பிறந்தது.

ஆராய்ச்சிக் கழகத்தின் கேள்விகளும் மாறின. 1965இல் வந்த தரநிர்ணய ரப்பர் திட்டம் சிறுதோட்டக்காரருக்கும் பயன்பட்டது. அதற்கு முன் ரப்பர் தாளைக் கண்ணால் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வியாபாரி தரம் சொல்வார், சொன்னதுதான் விலை. புதிய முறையில் அழுக்கின் அளவு போன்றவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரமிட்டார்கள். மங்கிலேயே உறைந்த கட்டிப் பாலையும் தொழிற்சாலையில் நொறுக்கிக் கழுவி, தரமான கட்டியாக விற்க முடிந்தது.

இதில் ஒரு பிரிவினர் எங்குமே வரவில்லை என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள்.

நிலமில்லாத கை

எஸ்டேட்டுக்குக் கழகம் இருந்தது. சிறுதோட்டக்காரருக்கு நிதியும் ரிஸ்டாவும் வந்தன. நிலமற்ற கிராமத்தாருக்கு பெல்டா. எஸ்டேட்டில் கூலிக்கு வெட்டியவர் நிலமற்றவர்தான், ஆனாலும் விவசாயக் கொள்கையின் கண்ணில் அவர் விவசாயி அல்லர். தொழிலாளர் துறையின் விஷயம். பெல்டா குடியேறிகளில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழர் மிகச் சிலரே. குடியுரிமை கிடைக்காதவர்களுக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை.

அதே ஆண்டுகளில்தான் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கிய கூட்டுகள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றன. தொழிலாளருக்கு வேலையோடு லயத்து வீடும் போனது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஊங்கு அஜிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்த அறிக்கை 1962இல் வெளிவந்தது.

இதற்கு அரசின் எந்த வாரியமும் மருந்து தரவில்லை. தொழிலாளர் சேமிப்பிலிருந்து ஒரு கூட்டுறவு எழுந்தது. 1960இல் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு பங்குகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் அது வாங்கிய முதல் தோட்டம். பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்கு இன்று அவர் பெயர். அந்தச் சாலையில் பூமாலை வாங்கவும் சாப்பிடவும் போகும் நமக்கு, அவர் பெயரோடு சேர்த்து இந்தக் கூட்டுறவும் நினைவுக்கு வர வேண்டும். பால் வெட்டுபவரே நில உடைமையாளராக முடியும் என்று செயலில் காட்டிய விவசாய அமைப்பு இந்த நாட்டில் அது ஒன்றே என்று சொன்னால் மிகையாகாது.

அறிவியலின் அடுத்த இரண்டு வெற்றிகள் அந்தக் கைகளின் தேவையைக் குறைத்தன. ஒன்று எத்திஃபோன். பட்டையில் பூசினால் எத்திலீன் வாயுவை வெளியிடும் இந்த மருந்து, அறுந்த குழாய்களின் வாய் விரைவில் அடைபடுவதைத் தள்ளிப்போடுகிறது. பால் அதிக நேரம் ஓடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டிய மரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்றாயிற்று.

மற்றொன்று ஒரு வண்டு. செம்பனையைச் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தாய் அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிக முறையில் முதன்முதலாக நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கொனியே. 1960களுக்குப் பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை வைப்பது அரசின் கொள்கையாகவே ஆனது. செம்பனைக்கு, ரப்பருக்கு வேண்டிய ஆட்களில் பாதிகூட வேண்டாம். ஆனால் மகரந்தச் சேர்க்கை ஒரு தலைவலியாக இருந்தது. அது காற்றால் நடப்பது என்று நம்பினார்கள். காய் சரியாகப் பிடிக்காததால், தொழிலாளர்கள், அதிலும் பெண்கள், மகரந்தத் தூளைப் பனை பனையாகப் போய்ப் பூவில் ஊதினார்கள். கேமரூனில் காய் தானாகப் பிடிப்பதைப் பார்த்திருந்த தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சனின் தூண்டுதலில், பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் அங்கே ஆராய்ந்து, வேலை செய்வது காற்றல்ல, எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற சிறு மூக்கு வண்டு என்று காட்டினார். வேறு பயிர்களைக் கெடுக்காது என்று சோதித்தபின், 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் பகுதியில் வண்டு விடப்பட்டது. சில மாதங்களில் எங்கும் பரவிக் குலைகள் நிறைந்தன. உயிரியலில் பாராட்ட வேண்டிய ஆய்வு, இரண்டு பேச்சில்லை. மகரந்தம் ஊதிய பெண்களின் வேலை மட்டும் சத்தமில்லாமல் மறைந்தது. எந்த அமைப்பின் வரவுசெலவிலும் அவர்களுக்கு ஒரு பத்தி இல்லை.

எஸ்டேட்டுகள் செம்பனைக்கும் பிறகு வீட்டுமனைக்கும் மாறியபோது, 1970களிலிருந்து தோட்டத்துக் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் பக்கப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்தன. நம் வாசகர்கள் பலரின் வீட்டுக்கதை அது.

1998இல் ஆராய்ச்சிக் கழகம், ரப்பர் துறையின் மற்ற இரு அமைப்புகளோடு இணைந்து மலேசிய ரப்பர் வாரியமானது. சுங்கை பூலோ பரிசோதனைத் தோட்டத்தில் 2,300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனத்திடம் நகர வளர்ச்சிக்காகப் போனது. 2016 முதல் அங்கே குவாசா டாமன்சாரா எம்ஆர்டி நிலையம் இருக்கிறது. இன்று நாட்டில் எஞ்சிய ரப்பர் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது. அவர்களில் பலர், விலையும் ஆளும் இல்லாமல், மரத்தை வெட்டாமலே விட்டுவைத்திருக்கிறார்கள். கிள்ளான் வட்டாரக் கையுறைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பாலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது.

ஆள் பற்றாக்குறைக்கு விடையாக இப்போது தானியங்கி வெட்டுக் கருவிகள் பரிசோதனையில் உள்ளன. மரத்தில் மாட்டிவிட்டால் குறித்த நேரத்தில் தானே வெட்ட வேண்டும் என்பது திட்டம். மோட்டாரும் மின்கலமும் எளிதான பகுதிகள். எந்த மரத்தின் தண்டும் சரியான வட்டமில்லை. பட்டையின் தடிப்பு மரத்துக்கு மரம், ஒரே மரத்தில் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தியை நிறுத்துவதுதான் பொறியாளர்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.